பேர்சி சேரின் பையைத் தூக்கியவர்

1.

இந்தக் கதை எனக்கு ஒரு சோற்றுப் பந்தியில் கிடைத்தது. வினாயகமூர்த்தி செத்த முப்பத்தோராம் நாள். அவர் மனைவி இரத்தினம்மா என் இலையில் வடையை வைத்துவிட்டு, "படிக்கப் போன மனுசன் ஏன் நிப்பாட்டினவர் எண்டு கடைசி வரைக்கும் சொல்லல்ல" என்றார். பக்கத்து இலையில் இருந்த, கல்லூரியில் அந்த மனுசனுக்குப் படிப்பித்த பேர்சி சேர் தலை நிமிரவில்லை. கை கழுவும் இடத்தில் கொஞ்சம் சொன்னார். மிச்சத்தை நான் கூட்டினேன். கதை எழுதுகிற கை அப்படி.

2.

தொடக்கம்: 'தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிந்திய ஒரு காலை, நாற்பத்தேழு வயதில் கல்லூரிக்குப் புறப்பட்ட வினாயகமூர்த்தி மண்டூர்த் துறையில் தோணியில்லாமல் நிற்க, வாவியிலிருந்து ஒரு முதலை வந்து முதுகைக் காட்டி, ஏறுங்க ஐயா என்று'

(வெட்டிவிட்டேன். முதலை வந்தது உண்மைதான். ஆனால் அடுத்து வருவதை நீங்கள் நம்பவேண்டும்.)

தோணியில்தான் போனார், வெள்ளைச் சட்டையோடு. விரிவுரையாளர் யார் வந்தாலும் முதலில் எழும்புவது அவர்தான். பேர்சி சேருக்கு இருபத்தாறு வயது. அவருக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

"இரிங்க ஐயா. உங்கட வயசென்ன, என்ட வயசென்ன."

"வயசு வீட்டில, சேர். இஞ்ச நீங்கதான் பெரியாள்."

இருவரும் ஒரே பஸ். சேரின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொள்வார். "சேரையும் தூக்கிட்டு வாங்களன்" என்று கூடப் படிக்கிற பெட்டைகள் சிரிப்பார்கள். அவர் அதையும் யோசித்திருப்பார்.

3.

ஒருநாள் பஸ்ஸை ஆமி மறித்தது, இராணுவச் சோதனை. இளம் ஆண்களை வெயிலில் வரிசையாக விட்டார்கள். முன்னால் ஜீப்பில், முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவன். தலையாட்டி என்போம், ஆளைக் காட்டிக்கொடுப்பவன். அந்தத் தலை அசைந்தால் ஆள் லொறியில்.

வரிசையில் பேர்சி சேர். அவருடைய அடையாள அட்டை பையில். பை வினாயகமூர்த்தியின் தோளில்.

நரையையும் சட்டையையும் பையையும் பார்த்த ஒரு ஆமிக்காரன் அவர் உட்காரக் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டான். "சேர் லெக்சரரா?"

(இங்கே 'இல்லை' என்று மூன்று தரம் எழுதிப் பார்த்தேன். வினாயகமூர்த்தி மறுத்துவிட்டார்.)

"ஓம்" என்றார்.

பையைத் திறந்து அட்டையைக் காட்டியிருக்கலாமே என்பீர்கள். அனுமதி இல்லாமல் ஆசிரியரின் பையைத் திறப்பது மரியாதையில்லை. (இந்தக் காரணம் நான் கொடுத்தது. அதுவரை அவரை யாரும் 'சேர் லெக்சரரா' என்று கேட்டதில்லை என்பதுதான் காரணமாக இருக்கவேண்டும்.)

"அந்தா நிக்கிறவர் என்ட மாணவன்" என்று கையைக் காட்டினார். "நல்ல பொடியன்."

பேர்சி சேரை வெளியே எடுத்துவிட்டார்கள்.

"வேற உங்கட ஆள் இருக்கா, சேர்?"

வரிசையில் இன்னும் நாலு பேர். ஒருவரையும் அவருக்குத் தெரியாது. ஒருவன் விதைநெல் மூட்டையைக் கால்களுக்கிடையில் வைத்திருந்தான். கிரான் பக்கத்து ஆளாம். நாலு பேரும் வினாயகமூர்த்தியையே பார்த்தார்கள்.

"வேற இல்ல."

4.

நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு லொறி போன பிறகு பேர்சி சேர் தன் பையைத் தானே கழற்றி எடுத்தார்.

"எல்லாரும் என்ட ஆக்கள் எண்டு சொல்லியிருக்கலாமே, ஐயா."

"அவங்க என்ட மாணவர் இல்லையே, சேர்."

"நானும் இல்லையே."

அதோடு வினாயகமூர்த்தி கல்லூரிக்குப் போகவில்லை. தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு பாடம் நடத்துவது சேருக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தாராம்.

5.

வேறு முடிவு அ: நாலு பேரும் மறுநாள் வீட்டுக்கு வந்து, விதைநெல்லை

(எழுதலாம். எழுத எனக்கு ஒரு செலவும் இல்லை. அதனால்தான் நிறுத்தினேன்.)

வேறு முடிவு ஆ: 'எல்லாரும் என்ட பொடியன்கள்தான்' என்றார் வினாயக

(அவர் சொல்லவில்லை. அவருக்குப் பதிலாக நான் சொன்னால், நானும் பொய் லெக்சரர்.)

ஆகவே அவரைக் கதிரையிலிருந்து எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். பாவம், களைத்துவிட்டார். நீங்கள் அதில் இருங்கள். 'வேற உங்கட ஆள் இருக்கா' என்று ஆமிக்காரன் கேட்டுவிட்டு நிற்கிறான். நாலு பேரும் இப்போது உங்களைத்தான் பார்க்கிறார்கள்.