கலங்கிப்போன கை

ஞாயிறானால் என் வீட்டுக்காரர் விமானப்படைத் தளத்து வேலியோரம் காமிராவோடு தவம் கிடப்பார். வால் எண்ணைச் சொன்னால் போதும், அந்தப் போர் விமானத்தின் ஜாதகத்தையே ஒப்பிப்பார். பெற்ற மகளின் பிறந்தநாள் மட்டும் மறந்துவிடும்.

போன வாரம் விமானியோடு விழுந்து எரிந்த விமானத்தை, அதற்கு முந்தின ஞாயிறு கடைசியாகப் படமெடுத்தவர் இவர்தான். விமானியின் மனைவி தேடி வந்தாள். கணினியில் படங்களைக் காட்டினார். திருகாணிகூடத் துல்லியமாகத் தெரிந்தது.

“வேலிகிட்ட நின்னவருக்குக் கை ஆட்டினேன்னு அன்னிக்கு ராத்திரி போன்ல சொன்னாருண்ணா. அந்தப் படம் எங்க?”

“கை கலங்கலா விழுந்திருந்துச்சும்மா. அதான் அழிச்சிட்டேன்.”

அவள் திரையையே பார்த்திருந்தாள்.

“பரவாயில்லைண்ணா. நம்பர் நல்லாத் தெரியுது.”