குவாபராவைத் தள்ளிவைத்த பெட்டி

இதில் ஒரு வரி பொய்யென்றாலும், எங்கள் ஊர் ஆகாகி மலைக்காற்று என் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகட்டும்.

பக்கத்து வீட்டுக் குவாபரா நகராட்சியில் காலமெல்லாம் முத்திரை குத்தியவன். அவன் ஓய்வுபெற்ற அன்றே அவன் மூளையும் ஓய்வுபெற்றது. அந்தக் குறையை ஈடுகட்டக் கூரையில் சூரியத் தகடுகளைப் பரப்பினான். சமையலறைச் சுவரோரம் ஆளுயரத்துக்கு ஒரு பேட்டரிப் பெட்டியை நிறுத்தினான். வெயிலில் கிடைக்கும் மின்சாரத்தை அது சேர்த்துவைக்குமாம். வீட்டில் எது எப்போது ஓடலாம் என்பதையும் நம் பழக்கங்களைப் பார்த்துத் தானே முடிவு செய்யுமாம்.

பெட்டி வந்ததும் சட்டமும் வந்தது. குளியல் தண்ணீர் வெயில் உச்சத்தில்தான் காய வேண்டும். எங்கள் ஜப்பான் பக்கம் ஒரே தொட்டித் தண்ணீரில்தான் வீடே குளிக்கும், வீட்டுத் தலைவன் முதலில். இந்தத் தலைவன் நட்டநடு மதியத்தில் இறங்கி குளிர்காலத்தில் வாசனைக்குத் தொட்டியில் போடும் யூசு எலுமிச்சைபோல மிதந்தான். அவன் மனைவி தோமோயோ மீன் கடையில் வேலை முடித்து இருட்டியபின் வருவாள். அதற்குள் தண்ணீர் அவள் கடை ஐஸ்பெட்டியை நினைவூட்டும். மறுபடி சுடவைக்கக் கூடாது.

"பேட்டரில இருக்கறது பூகம்பத்துக்கு. உன் முதுகுக்கு இல்ல."

"இன்னொரு குளிர்காலம் என் முதுகு தாங்காதுங்க. நான் தங்கச்சி வீட்டோடயே போயிடறேன்."

"போயேன். ஒரு விளக்கு மிச்சம்."

நான் வேலிக்கு இந்தப்பக்கம் முள்ளங்கி பிடுங்கிக்கொண்டிருந்தேன். இத்தனைக்குப் பிறகும் அவள் அவனுக்குத் தேநீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

அடுத்த வாரம் பெட்டி வேலையைக் காட்டியது. காலையில் குவாபரா கழிப்பறையில் உட்கார்ந்தான். எப்போதும் மின்சாரத்தில் சுடச்சுட இருக்கும் இருக்கை பனிக்கட்டியாக இருந்தது. கால்சட்டையைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தான்.

"ஏய், பெட்டி என்ன சொல்லுதுன்னு பாரு!"

கண்ணாடி போட்டால் வயசாகிவிட்டது தெரிந்துவிடுமென்று அவன் போடுவதில்லை. அவள்தான் குனிந்து, நிதானமாகப் படித்தாள்.

"'சும்மா உக்காந்திருக்கற சுமையை நீக்கியாச்சு'ன்னு போட்டிருக்குங்க."

"எந்தச் சுமை?"

"எழுபது கிலோவாம்."

அன்றிலிருந்து சோறு ஒரு ஆளுக்கு மட்டும் வெந்தது. அவன் கால் நீட்டினால் மேசைக்கடியில் இருக்கும் மின்கணப்பு அணைந்தது. தோமோயோ வாசலில் செருப்பைக் கழற்றும்போதோ, குளியல் தயார் என்று சுவரிலிருந்த வெந்நீர்க் கருவி இனிமையாகக் கூவியது.

குவாபரா பெட்டியின்மேல் ஆரஞ்சு வைத்துக் கும்பிட்டான். நகராட்சிக்கு வந்த எவருக்கும் அவன் அவ்வளவு குனிந்ததில்லை. கடைசியில் துண்டும் வாளியுமாக என் வாசலில் நின்றான்.

"ஹொசோயா, அந்த மெஷின் என்னை மனுஷனாவே மதிக்கலப்பா."

"உன்னைச் சரியா எடைபோட்ட முதல் ஆள் அதுதான். போ, இனிமே உன் பொண்டாட்டி முதல்ல குளிக்கட்டும். நீ அப்புறம் இறங்கு."

இப்போது தினமும் இருட்டியபின் தாழ்வாரத்தில் துண்டோடு காத்து நிற்கிறான். உள்ளே தண்ணீர் தளும்புகிறது. கதவிடுக்கில் ஆவி வருகிறது. தோமோயோ அவசரப்படுவதில்லை. தங்கை வீட்டுப் பேச்சும் இப்போது இல்லை.

அந்தப் பெட்டிக்கு இன்னும் மின்கம்பி இணைக்கவில்லை. அதற்கான ஆள் ஏப்ரலில்தான் வருவானாம்; தோமோயோதான் வேலியோரம் சொன்னாள்.