பொதுச்சுவரின் விரிசல்

மாலைக் கதிரவன் உயர்ந்த மாடங்களின் பின்னே இறங்க, பணி முடித்து மீள்வோரின் காலடியோசை தெருவெங்கும் நிறைய, ஒருபால் மணியொலியும் மறுபால் ஓதுமொலியும் எழுந்து விண்ணில் ஒன்றாய்க் கலக்கும் அவ்வேளையில், பல நெறியோர் நெருங்கி வாழ்ந்த அந்நகரைக் காண்போர்க்கு ஒற்றுமையின் உறைவிடமே இதுவெனத் தோன்றும். தோன்றுவதோடு சரி, அன்பரே. ஒரே சுவரின் இருபுறமும் ஒட்டி நின்ற இரண்டு வழிபாட்டு மனைகளின் பொறுப்பாளர்கள், ஒருவர் துணி வணிகர், மற்றவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்லிணக்கக் கூட்டம் பதினேழு நடத்தி, பதினேழிலும் அன்பையே பேசி, வீடு திரும்பியதும் கதவை இருமுறை இழுத்துப் பார்த்த பின்னரே உறங்கச் செல்வர்.

அப்பொதுச்சுவரில் விரல் நுழையும் விரிசல் கண்டது. சுவரையொட்டிய அறையில் இருதரப்புப் பிள்ளைகளுக்கும் கணக்குக் கற்பித்தவர், மூன்றாம் நெறியினராகிய கொத்தனாரின் மனைவி.

"கொஞ்ச நாள் வகுப்ப நிறுத்து," என்றார் கொத்தனார் கலக்கத்தோடு.

"நிறுத்தினா அவங்க சதின்னு இவங்களும், இவங்க சதின்னு அவங்களும் சொல்லுவாங்க. அப்புறம் ஒரு பிள்ளை வராது. முற்றத்துல வச்சுச் சொல்லித்தரேன். மழைக்கு முன்னாடி சுவரைக் கட்டிக் குடுங்க."

பதினெட்டாம் கூட்டத்தில் கொத்தனார் இதனை எடுத்துரைத்தார். புதிதாய்க் கட்டினால் தம் நிலத்தில் ஓரடி போய்விடுமோ என வணிகர் ஐயுற்றார். இந்தக் கொத்தனாரை முதலில் அழைத்தவர் எவரென ஆசிரியர் வினவினார். நன்றியுரை இனிதே நிகழ, முடிவு ஏதுமின்றிக் கூட்டம் கலைந்தது.

மறுநாட் காலை வந்து பார்த்த கொத்தனாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எதிர்ப்பக்கத்தார் சுவரைத் தம்மீது தள்ளிவிடுவரென அஞ்சி, இருவருமே ஒருவரறியாமல் ஒருவர் மரமுட்டுக் கொடுத்து, ஆப்பை ஓங்கி அறைந்து வைத்திருந்தனர். சிரித்து முடித்ததும் அவருக்கு வியர்த்தது.

"இப்போ இந்தச் சுவர் உங்க ரெண்டு பேரு சந்தேகத்துலதான் நிக்குது," என்றார் இருவரையும் அழைத்து. "ஒருத்தர் அதிகமா இறுக்கினா அடுத்தவர் பக்கம் சாயும். தளர்த்தினா தன் பக்கமே சாயும். வெயிலுக்கு மரம் சுருங்கும். தினமும் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தட்டணும்."

அன்றுமுதல் காலைதோறும் இரு முதியோர் விரிசலின் இருபுறமும் சுத்தியலோடு நின்றனர்.

"தட்டட்டுமா?"

"ஒண்ணுதான். கூட வேண்டாம்."

"நேத்து நீங்க ரெண்டு தட்டுனீங்க."

"எண்ணிட்டா இருந்தீங்க? சரி, ராத்திரி இருமல் கேட்டுச்சே, மருந்து சாப்பிட்டீங்களா?"

இவ்வாறே பத்தொன்பது நாள் கழிந்தது. ஒருவரையொருவர் நம்பினர் எனச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆயினும் ஒருவர் வரத் தாழ்ந்தால் மற்றவர் பதைத்தார். தினமும் பேசிப் பழகியதில் ஓரடி நிலத்தின் பேச்சும் ஒருவாறு ஓய்ந்தது. பழஞ்சுவரை இறக்கி, மழைக்கு முன்னரே புதுச்சுவர் எழுப்பினார் கொத்தனார். பிள்ளைகள் ஒருவர் குறையாமல் அறைக்குத் திரும்பினர்.

மனைவி சுவரைத் தடவிப் பார்த்தார். ஊசி நுழைய இடமில்லை.

"ஒரு சன்னல் வச்சிருக்கலாம்ல?"

"கேட்டேன். எதுக்குன்னு ரெண்டு பேருமே கேட்டாங்க."

பத்தொன்பதாம் கூட்டம் குறித்த நாளில் கூடியது. சுவர் விழுமென அஞ்சிய நாளெல்லாம் ஒருவரையொருவர் நலம் வினவியோர், அது உறுதியாய் நின்றபின், எதிரெதிர் இருக்கைகளில் அமர்ந்து, அன்பைப் பற்றி மிக அழகாகப் பேசினர்.