கருவிழிக்கு நேரே ஒரு புள்ளி

இரக்கம் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் என்று கன்னத்தில் தையல் விழும்வரை அவளுக்குத் தெரியாது. பாட்டிலை உடைத்து அவள் முகத்தில் இழுத்தது அவள் புருஷன். இத்தனை காலம் குடித்தும் ஒரு பாட்டிலை ஒரே அடியில் உடைக்கத் தெரியாத அந்த ஆண்பிள்ளைச் சிங்கம் இப்போது கம்பி எண்ணிக்கொண்டிருந்தது. அவனை அவள் நினைப்பதில்லை. நினைக்கிற அளவுக்கு அவனிடம் என்ன இருக்கிறது? இப்போது அவள் உயிரை எடுத்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் இரக்கப்படுகிற நல்லவர்கள்தான்.

அண்ணி பெட்டி நிறைய முகக்கவசம் வாங்கி வந்தாள். "உனக்கு சங்கடமா இருக்கக் கூடாதுல்ல?" யாருடைய சங்கடம் என்று அவள் கேட்கவில்லை. தினமும் ஒன்றை மாட்டிக்கொண்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போனாள்.

வந்தவருக்கு ஃப்ரேமைப் பொருத்தி, அவர் கருவிழிக்கு நேரே கண்ணாடியில் பேனாவால் புள்ளி வைப்பது அவள் வேலை. அதற்கு முழங்கால் இடிக்க எதிரில் உட்கார வேண்டும். அவர் அவள் கண்ணையே பார்க்க வேண்டும். புள்ளி விலகினால் லென்ஸ் விலகும், பிறகு தலைவலிதான். முன்பெல்லாம் அவள் வைத்த புள்ளியைக் குறை சொல்லி யாரும் திரும்பி வந்ததில்லை.

இப்போது ஒருவர் வந்துவிட்டார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். "படி இறங்குனா தரை மேல வருதும்மா" என்றார்.

முதலாளி சோதித்துப் பார்த்தார். இரண்டு புள்ளியும் ஒரே பக்கமாக ஒதுங்கியிருந்தன. கண்ணாடியில் ஒரு கைரேகை இருந்தாலே கடையை இரண்டாக்குகிற மனிதர், குரலைத் தேனில் தோய்த்துக்கொண்டு சொன்னார்: "பரவால்லம்மா. உன் நெலமையில இதெல்லாம் சகஜம். நாளைலேர்ந்து உள்ள உக்காந்து ஃப்ரேம் தொடைச்சிட்டு இரு. யாரும் உன்னப் பாக்க மாட்டாங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டு வாங்கக்கூட லாயக்கில்லாதவளாகிவிட்டாளா? அதைவிட எரிச்சல், தவறு எப்படி நடந்தது என்பது. முகக்கவசமும் போதாமல், தையல் போட்ட இடது கன்னம் தெரியாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். அவள் கண் போன பக்கமே ஓட்டுநரின் கண்ணும் போயிருக்கிறது. இத்தனை பேரை மனதுக்குள் ஏளனம் செய்தவள், முதல்முறையாகத் தன்னையும் அந்த வரிசையில் நிறுத்திப் பார்த்தாள். பொருத்தமாகவே இருந்தது.

"தப்பு என்னோடது. நானே சரி பண்றேன்."

"எதுக்கும்மா உனக்கு வீண் சிரமம்…"

"அடிபட்டது கன்னம் சார். கை நல்லாத்தான் இருக்கு."

ஓட்டுநரை உட்காரவைத்து, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டாள். முகக்கவசத்தைக் கழற்றினாள். பயந்தாள், பயத்தை மறைக்கவில்லை. அவர் பார்வை நேராகத் தழும்புக்குப் போனது. அவள் கழுத்து தானாகவே திரும்பப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினாள்.

"அங்க இல்ல. என் கண்ணப் பாருங்க."

பார்த்தார். மறுபடி கன்னத்துக்கு இறங்கிவிட்டார். "என்னாச்சும்மா அது?"

"ஒரு கோழை பாட்டில ஒடைச்சான். நல்லாப் பாத்துக்கிட்டீங்களா? இப்ப கண்ணப் பாருங்க. இல்லேன்னா திரும்பவும் படியில தடுமாறுவீங்க."

மனிதர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் புள்ளி வைத்தாள்.

புது லென்ஸ் வந்ததும் அவர் கடை வாசல்படியில் இறங்கினார், ஏறினார், மறுபடி இறங்கினார். "தரை தரையிலதான் இருக்கு" என்றார்.

அண்ணியின் முகக்கவசப் பெட்டியை, தூசிக்கு ஆகும் என்று கடையின் பின்பக்கம் லென்ஸ் அரைப்பவரிடம் தள்ளிவிட்டாள். அதற்குள் முதலாளியின் குரல் கிளம்பியது.

"அங்க என்ன வேடிக்க? ஒரு ஃப்ரேமுக்கு இவ்ளோ நேரமா? ஆளுங்க காத்துக் கெடக்குறாங்க, இது கடையா சத்திரமா?"

முகத்தில் காயம் பட்ட பிறகு அந்த ஆள் அவளிடம் பேசிய முதல் மரியாதையான பேச்சு அது.