மூங்கோ பாலத்துக்கு அந்தப் பக்கம்

ஒரே நாடுதான், ஆனால் எங்கள் பக்கம் ஆங்கிலம், தலைநகரத்தில் பிரெஞ்சு. எங்கள் வக்கீல்களும் வாத்தியார்களும் நியாயம் கேட்டுத் தெருவில் இறங்கியதும், அரசாங்கம் எங்கள் ஊர்களுக்கு மட்டும் இணையத்தை நிறுத்திவிட்டது. அதுதான் போனில் பேசலாமே என்றார்கள் புத்திசாலிகள். என் தங்கை எனாங்காவும் அவள் புருஷன் மொலுவாவும் எதைப் பேசுவார்கள்? இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. எழுத்தும் ஏறவில்லை. அவன் பக்கத்து நாட்டில், லிப்ரவில்லில் மரவேலை பார்க்கிறான். தினமும் சாயங்காலம் வீடியோவில் கையால் பேசிக்கொள்வார்கள்.

நிறுத்திய அன்று இருவருக்கும் சரியான சண்டை. லிப்ரவில்லுக்கே வந்துவிடு என்றான் அவன், மாட்டேன் என்றாள் இவள். பாதியில் படம் போய்விட்டது. இவள்தான் துண்டித்தாள் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். அவன் முதலாளியைப் போனில் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். அவர் அவனுக்குச் சைகையில் சொல்லிவிட்டுத் திரும்ப அழைத்தார்.

"போன் நல்லாத்தானேம்மா வேலை செய்யுது, யார் காதுல பூ சுத்துறாங்கன்னு கேக்குறான். ஈஸ்டருக்கும் வரமாட்டானாம்."

கேட்காத காதில் பூ வேறு! எனாங்கா சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள். மூங்கோ பாலத்தைத் தாண்டினால் பிரெஞ்சுப் பக்கம், அங்கே இணையம் உண்டு; சரி கிளம்புடி என்று அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பாலத்துச் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் அவள் போனைக் குடைந்தான். ஊர்வலப் படம் இருந்தால் உள்ளே தள்ளியிருப்பான். இருந்ததெல்லாம் மொலுவா படம்தான்.

"யாரு, வீட்டுக்காரரா?"

"ஆமா. அதுக்கும் தடை இருக்கா தம்பி?" என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு கொடுத்துவிட்டான்.

பாலம் தாண்டியதும் ஒரு பீன்ஸ் கடை. அதன் பெஞ்சுகளில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் லேப்டாப்போடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்குப் பேச இரண்டு கையும் வேண்டும் என்பதால் நான் பக்கத்தில் நின்று போனை நீட்டிப் பிடித்தேன். மொலுவா எடுத்தான். இவள் முகத்தைப் பார்த்தான், உடனே கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

அவர்கள் காதைப் பொத்திக்கொள்வது அப்படித்தான். கண்ணை மூடினவனிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. நான் கத்திப் பயனில்லை. படுபாவி, கண்ணைத் திறடா என்று மனசுக்குள் திட்டினேன். எனாங்கா கையைத் தூக்கியவள் தூக்கியபடியே நின்றாள். அவன் எப்போது திறப்பானோ, திறக்கிற நேரம் தன் கை சும்மா இருந்துவிடக் கூடாதே என்று அவளுக்குப் பயம். போகப் போகத் தோள் நடுங்கியது. பெஞ்சிலிருந்த பிள்ளைகள் தட்டச்சை நிறுத்திவிட்டார்கள்.

மொலுவா கண் திறந்தான். நடுங்குகிற அந்தக் கைகளையே பார்த்தான். இணையத்தைப் பற்றியோ சண்டையைப் பற்றியோ அவன் ஒன்றும் கேட்கவில்லை.

"கை வலிக்கலையா?" என்றான், கையால்.

"வலிக்குது" என்றாள்.