வேரோடு வந்த கல்

வேர் கையோடு வந்துவிட்டது, கூடவே கல்லும், கல்லின் பின்னால் பழைய சுண்ணாம்பும் பொலபொலவென்று, மார்த்தம்மாள் அதைப் பிடித்தபடியே நிற்கிறாள், அது போன ஆகஸ்டில் நடந்தது, இல்லை, இன்று விடியற்காலையிலும் நடந்தது, கண்ணை மூடினால் போதும், நடக்கிறது. பிரான்ஸின் இந்தக் குக்கிராமத்துக்கு வந்த நாளிலிருந்து அவள் சமையற்கட்டு ஜன்னலுக்கு எதிரே அந்தக் கோட்டைதான், கோட்டை என்று பேச்சுக்குச் சொல்கிறார்களே தவிர மிஞ்சியது அரைக் கோபுரமும் ஒரு வளைவும் கூரையில்லாத ஒரு சுவரும், எண்ணூறு வருஷத்துச் சுவராம், அதன்மேல் அடிமுதல் உச்சிவரை வேர்விட்டுப் படர்ந்த ஒரு பச்சைக் கொடி, பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கை துறுதுறுக்கும், புதுச்சேரி வீட்டுக் கைப்பிடிச்சுவரில் அரசங்கன்று இரண்டு இலை விட்டாலே அப்பா ஏணி போட்டு ஏறிவிடுவார், விட்டால் வீட்டையே பிளந்துவிடும் என்பார், அந்தப் பயம் இங்கேயும் வந்தது, பாவம், கேட்பாரில்லாமல் கிடக்கிறதே என்று, ஊரே சாப்பாட்டு மேசையில் இருந்த ஒரு மதியம், கையுறை மாட்டிக்கொண்டு போய் அடியில் பிடித்து இழுத்தாள், பீரங்கிக்கு அசையாத சுவர் மார்த்தம்மாளின் இரண்டு கைக்குச் சரிந்தது. சுண்ணாம்பு என்றைக்கோ செத்துப்போய், அந்த வேர்தான் கல்லோடு கல்லைக் கட்டிவைத்திருந்ததாம், இங்கே கொடியை அடியில் அறுத்து, காயவிட்டு, பிறகுதான் எடுப்பார்களாம், இதெல்லாம் அப்புறம் தெரிந்தது.

சுவர் சரிந்த பழிக்கு ஊர் கஸ்தோனைப் பிடித்துக்கொண்டது, பக்கத்துப் புல்வெளிக்காரர், அவருடைய ஏழு ஆடுகளும் சுவரில் தொற்றி ஏறிக் கொடியைக் கடிப்பது எல்லாரும் பார்த்ததுதான், ஆடுகளை அப்புறப்படுத்து என்று மேயரிடமிருந்து கடிதம், மனுஷர் ஞாயிற்றுப் பூசைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அவள் கணவன் சவேரிநாதனிடம் சொன்னாள், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், பேப்பரிலிருந்து தலை நிமிராமல், சும்மா கெட மார்த்தா, மழையில விழுந்துச்சுன்னு போவட்டும், நம்மள யாரு கேக்கப்போறாங்க, என்றார். யாரும் கேட்கவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை, சோறு வடித்தால் கல் சரிகிறது, செபமாலை உருட்டினால் மணிக்கு மணி கல், தூங்கினால் அப்பா ஏணியில் நின்று, புடுங்கு, புடுங்கு, என்கிறார், அவள் பிடுங்குவது ஆட்டின் காதாக இருக்கிறது.

இன்று அந்தக் கல்லை வேரோடு பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள், பிரெஞ்சில் சொல்லவேண்டியதை வழியெல்லாம் முணுமுணுத்தபடி நடந்தாள், பட்டி திறந்து கிடந்தது, புழுக்கை காய்ந்திருந்தது, கஸ்தோன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார், ஆடுகள் எங்கே என்று கேட்டாள், செவ்வாய்க்கிழமை வண்டி வந்து ஏழையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது என்றார். மனப்பாடம் செய்ததெல்லாம் பறந்துபோனது, நான்தான் புடுங்குனேன், எங்க ஊர்ல புடுங்கித்தான் ஆவணும், நான்தான், என்று தமிழிலேயே சொல்லி அழுதாள், அவருக்கு ஒன்றும் புரியவில்லை, கல்லை எடுத்து நீட்டினாள், வாங்கித் திருப்பிப் பார்த்தார், ஒட்டியிருந்த வேரைப் பிடித்து இழுத்தார், வரவில்லை, பலமாக இழுத்தார், பிறகு நிறுத்திவிட்டு, சரிந்த சுவரையும் அவள் கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார், மேயர் அலுவலகம் பன்னிரண்டுக்கு மூடிவிடும், கல்லை நீங்களே தூக்கிக்கொண்டு வாருங்கள், என்றார். அவள் வேரைப் பிடித்துத் தூக்கினாள், கல்லும் கூடவே வந்தது.