ஒரு விரற்கடை பிழை

மலை நகரத் தொடங்கிய ஆண்டில் சிமெண்ட் விலை இரண்டு முறை ஏறியது. ஊரில் எல்லாரும் சிமெண்டைப் பற்றித்தான் பேசினார்கள். மலை நகர்ந்தது சர்வேயரம்மாவுக்கு மட்டுமே தெரியும். வழக்கம்போல அலுவலக மொட்டைமாடியில் முக்காலியை நிறுத்தி, கருவியில் கண்ணை வைத்து மலையுச்சியின் தூரத்தை அளந்தவள், அது இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு சாண் மேற்கே தள்ளிப் போயிருப்பதைக் கண்டாள். முதலில் கருவியைச் சந்தேகப்பட்டாள், பிறகு முக்காலியின் கால்களை, பிறகு தன் கண்ணை. கண்ணாடிக் கடைக்கும் போய் வந்த பிறகுதான் மலையைச் சந்தேகப்பட வேண்டியதாயிற்று. அதற்குள் மலை இன்னும் சில முழம் போயிருந்தது. அதற்கு அவசரம் ஒன்றும் இல்லை. கடைவீதிக்குக் கிளம்பிய மனுஷி மாதிரி, மேகத்தையும் ஆடுகளையும் கூட்டிக்கொண்டு தன் பாட்டுக்குப் போனது.

இதை அவள் முதலில் சொன்னது அக்காவிடம். வேறு யாரிடம் சொல்வாள்? அம்மா போன பிறகு தலைவாரிப் பின்னிவிட்டது, பரீட்சைக்கு எழுப்பிவிட்டது, கல்யாணம் வேண்டாம் என்றபோது சரி போ என்று விட்டது எல்லாம் அக்காதான். அக்கா எதிர்வீட்டில் விடுதி நடத்தினாள். 'மலை பார்த்த அறை' என்று பலகை மாட்டிய அறைகளுக்கு வாடகை அதிகம் என்பதால், அந்த வருஷம் ஒரு மாடி முழுக்க அப்படியே கட்டிக்கொண்டிருந்தாள், ஏறிய விலைக்குச் சிமெண்ட் வாங்கி. விஷயத்தைக் கேட்டுவிட்டு, செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தபடி சொன்னாள்: "சொல்லாதேன்னு சொல்லல. மாடி முடியட்டும், அப்புறம் சொல்லேன்." அடிவாரத்தில் மனை வாங்குகிறவர்கள் ஏமாந்து போவார்கள், அளந்ததைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்றாள் தங்கை. "சம்பளம் அவங்க தர்றாங்க. சோறு யாருடி போட்டா?" என்றாள் அக்கா. அதை அளக்கச் சர்வேயரம்மாவிடம் கருவி இல்லை.

நகராட்சி மண்டபத்தில் கூட்டம் நடந்தது. படம் போட்டுக் காட்டி, மலை போகிற வேகத்தை நிதானமாக விளக்கிவிட்டு, கடைசியில் அவள் சொன்னாள்: "இந்த அளவுல ஒரு விரற்கடை பிழை இருக்கலாம்." மில்லிமீட்டர் என்றால் யாருக்கும் புரியாதே என்று நல்லெண்ணத்தோடு தேடி எடுத்த சொல், ஒரு விரல் அகலத்தைக் குறிக்கும் விரற்கடை. ஊரின் காதில் விழுந்ததோ அடுத்த சொல். அவள் படித்த இடத்தில் பிழை என்றால், தன் அளவை எதுவரை நம்பலாம் என்று அளந்தவரே போட்டுக் கொடுக்கும் எல்லை. தெருவில் பிழை என்றால் பிழைதான். வீட்டுத் தரகர் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். "பிழைன்னு அவங்க வாயாலேயே சொல்லிட்டாங்க! எழுதிக்குங்க!" கைதட்டல் அடங்கி அவள் விளக்கம் சொல்ல எழுந்தபோது மைக் மூன்று கை மாறிப் போயிருந்தது. மலை நிற்கிறது என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. வாசலில் அக்கா காத்திருந்தாள். "உனக்கு அது பிழை. எனக்கு அது பிழைப்புடி," என்றாள். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

வருஷங்கள் போயின, மலையும் போனது. நகர்கிறது என்பவர்களும் நிற்கிறது என்பவர்களும் டீக்கடையில் தனித்தனி பெஞ்சு போட்டுக்கொண்டார்கள். இதனால் இரண்டு கல்யாணம் நின்றது. தொலைக்காட்சியில் நான்கு பேர் நான்கு கட்டங்களுக்குள் உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பாமல் கத்தினார்கள். பிற்பகலில் தெருவை மூடியிருந்த மலைநிழல் சுருங்கிச் சுருங்கிக் காணாமல் போக, ஐஸ் விலை ஏறியது. அக்கா ஓவியர்களை வரவழைத்து, ஜன்னல்களுக்கு எதிரே நெடுஞ்சுவர் எழுப்பி முழு மலையையும் வரைய வைத்தாள். விருந்தினர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நிற்கிறது கட்சிக்காரர்கள் அந்தச் சுவரையே ஆதாரமாகக் காட்டினார்கள். நகர்கிறது கட்சிக்காரர்களும் சர்வேயரம்மாவைச் சும்மா விடவில்லை: அளந்து அளந்தே மலையைத் துரத்திவிட்டாள் என்றார்கள். அவள் மாதம் தவறாமல் அளந்தாள். அளந்து முடித்து, யாரிடமாவது சொல்லத் திரும்புவாள். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கும். தனிமை என்றால் அப்படி ஒரு தனிமை, தொட்டியிடமே சொல்லிவிட்டு இறங்கியதும் உண்டு. ஒருநாள் வீட்டு வாசலில் முக்காலியை நிறுத்தித் தெருவின் அகலத்தையும் அளந்து பார்த்தாள். அது மட்டும் மாறவே இல்லை. ஆனாலும் அவளால் அதைக் கடக்க முடியவில்லை.

மலை அடிவான விளிம்பைத் தாண்டி மறைந்த கோடையில் சுவரில் இருந்த மலையும் வெயிலில் பொரிந்து உதிர்ந்தது. மறுபடி வரைய வந்த ஓவியர், எதைப் பார்த்து வரைவது என்று கேட்டார். அக்காவுக்குச் சொல்லத் தெரியவில்லை. மலை எந்தப் பக்கம் சரிந்திருக்கும் என்பதே மறந்து போயிருந்தது. அன்று மத்தியானம் குடை பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. உட்காரச் சொல்வதற்குள் கேட்டாள்:

"எவ்வளவு தூரம் போயிருக்கு?"

சர்வேயரம்மா தூரத்தைச் சொன்னாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். மிச்சத்தைச் சொல்லிப் பட்டது போதும் என்று இருந்தது.

"பிழை எவ்வளவு?" என்றாள் அக்கா.

இத்தனை வருஷத்தில் அதை யாரும் கேட்டதில்லை. தங்கை சொன்னாள்: "ஒரு விரற்கடை."

அக்கா தன் விரலைப் பிடித்துப் பார்த்தாள். "இவ்வளவுதானா? இதுக்கா பேசாம இருந்தோம்?"

அடுத்த வாரம் விடுதியில் பலகை மாறியது: மலை போன திசை பார்த்த அறை. வாடகை பழையபடியேதான். அந்த மாதமும் மலை தன் பாட்டுக்குப் போனது. சர்வேயரம்மா மொட்டைமாடியிலிருந்து இறங்கி, தொட்டியிடம் ஒன்றும் சொல்லாமல், நேரே எதிர்வீட்டுக்கு நடந்தாள்.